துப்பாக்கிக்குப் பேர் வெட்டின கதை

ஜன்னலை மூடிவிடாதீங்க அக்கா. இவளுக்கு, என் மகளுக்கு, வளைவில் வாந்தி வரும், காற்று பட்டால் கொஞ்சம் தாங்குவாள். மடியில் என்ன மூட்டை என்று பார்க்கிறீங்களா? ஒன்றும் இல்லை, ஒரு டம்ளர். வெள்ளி டம்ளர். வத்தலக்குண்டில் பேர் வெட்டக் கொண்டுபோகிறேன். பேர் வெட்டப் போகிறவள் எதற்கு மூஞ்சியை இப்படித் தூக்கி வைத்திருக்கிறாள் என்று நினைப்பீங்க. சொன்னால் சிரிப்பீங்க.

நான் பொதுவாக யாரிடமும் பேச மாட்டேன் அக்கா. கூச்சம். பஸ் நிறுத்தம் தாண்டிப் போனால்கூட நிறுத்தச் சொல்ல வாய் வராது, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பேன். அப்படிப்பட்ட ஆள். ஆனால் கீழே போய்ச் சேர நிறைய வளைவு இருக்கிறது, நீங்களும் தூங்குகிற மாதிரி தெரியவில்லை. சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது மேலே ஞானமுத்து ஐயாவின் காபித் தோட்டத்தில். என் வீட்டுக்காரர் சுருளிவேல் கேட்டையும் மிளகுக் கொடியையும் பார்த்துக்கொள்கிறார். எனக்கு வீட்டு வேலை. ஐயாவுக்கு அறுபத்தெட்டு வயது. அவர் வீட்டு அம்மா தவறிவிட்டார்கள், பிள்ளைகள் வெளிநாடு. சமையலறைக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு அறை விட்டிருக்கிறார். அடுப்புச் சுவரை ஒட்டின அறை அக்கா, ஈரம் ஏறாது. லயத்து வரிசை வீட்டில் இருந்தபோது இவளுக்கு நெஞ்சு கீச்சு கீச்சென்று இழுக்கும். இந்த அறைக்கு வந்த பிறகு ஒரு நாள் இழுத்ததில்லை. அந்த அறைக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன். செய்தும் விட்டேன், அதுதான் கதை.

எங்களுக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர்கள் ஒரு ஸ்பூன் காணாமல் போனதால் வெளியே போனவர்கள். அந்த அம்மா இருந்த காலத்தில் நடந்தது. அவர்கள் மூட்டை கட்டிப் போன மூன்றாம் மாதம் ஸ்பூன் பூஜாடிக்குள் கிடைத்ததாம். கிடைத்து என்ன செய்ய? போனவர்கள் போனவர்கள்தான். அதனால் நான் அந்த வீட்டில் ஒரு பொருளைத் தொட்டால் தொட்ட இடத்திலேயே வைத்துவிட்டு, வைத்ததை இரண்டு தடவை எட்டிப் பார்ப்பேன்.

ஐயாவிடம் ஒரு துப்பாக்கி இருக்கிறது. பயப்படாதீங்க, அதற்குத் தோட்டாவே கிடையாது, நாற்பது வருஷமாக அது ஒரு காக்கையைக்கூட மிரட்டினதில்லை. ஜெர்மன்காரன் துப்பாக்கி. முதல் உலக யுத்தத்தில் சண்டை போட்டதாம். அந்த யுத்தத்துக்குப் போய்வந்த ஒரு வெள்ளைக்காரத் துரை கொண்டுவந்து, தோட்டத்தை விற்றுவிட்டுப் போகும்போது பங்களாவோடு சேர்த்து விட்டுவிட்டுப் போனது. ஐயாவின் அப்பா பேரில் லைசென்ஸ் வாங்கி, இப்போது ஐயா பேரில் இருக்கிறது. இரும்பு பீரோவில் பூட்டி வைத்திருப்பார். யாராவது வீட்டுக்கு வந்தால் போதும், பீரோ திறந்துவிடும். பங்குச் சாமியார் வந்தாலும் சரி, கொசு மருந்து அடிக்க வந்தவரானாலும் சரி. சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, துப்பாக்கியை வைத்து, கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு ஆரம்பிப்பார்.

"பாருங்க, இங்க மேல ஒரு கிரீடம். அதுக்குக் கீழ செஞ்ச ஊர் பேரு. அதுக்குக் கீழ வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு. குழாயில நம்பர் பாருங்க, அறுபத்திரண்டு நாப்பத்தேழு. இப்ப இந்தக் கைப்பிடிய இழுத்து வெளிய எடுக்கிறேன். கைப்பிடியில நாப்பத்தேழு. குறி பாக்கிற தகட்டுல நாப்பத்தேழு. மரக்கட்டையில நாப்பத்தேழு. இந்தத் திருகாணிய லென்ஸ் வச்சுப் பாருங்க. நாப்பத்தேழு. நூறு வருஷமாகியும் ஒரு பாகம்கூட மாறல. எல்லாம் பிறந்தப்ப இருந்தது."

வந்தவர்கள் ஓ என்பார்கள். நான் காபி கொடுத்துவிட்டுக் கதவு ஓரம் நிற்பேன். இந்தப் பாடத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கு இல்லை. நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான், அதில் பாதி மறந்துபோனது. ஆனால் அந்தத் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டால் பரீட்சையே எழுதுவேன். ஒவ்வொரு பாகத்தையும் செய்து முடித்ததும் ஒரு அதிகாரி பார்த்து, சரி என்று ஒரு குத்துக் குத்துவாராம். சின்னக் கிரீடம், அதன் கீழே அவருடைய எழுத்து. அந்த எழுத்து நம் சிக்குக் கோலம் மாதிரி வளைந்து வளைந்து இருக்கும். நம்பர் எதற்கு என்றால், ஒன்றுக்கொன்று பொருந்த ராவி வைத்த பாகங்கள், ஆயிரக்கணக்கில் செய்கிற இடத்தில் கலந்துவிடக் கூடாது என்பதற்கு.

ஐயா இதை ஏதோ பெரிய சாஸ்திரம் மாதிரிச் சொல்வார். எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது அக்கா. இது சீர்ப் பாத்திரம்தானே? என் கல்யாணத்துக்கு அம்மா அண்டாவிலிருந்து நெய்க் கரண்டி வரைக்கும் பேர் வெட்டித்தான் அனுப்பினார். கல்யாண வீட்டுக் குழாயடியில் பத்து வீட்டுப் பாத்திரம் கலந்து கிடக்கும், பேர் இல்லாவிட்டால் எதை யாருடையது என்று எடுப்பது? என் நாத்தனார் கல்யாணத்தில் என் பால் தூக்கின் மூடி அவளுடைய சீரோடு வண்டி ஏறிவிட்டது. "ஒன் மூடின்னு எப்பிடிடி சொல்ற?" என்றார் மாமியார். நான் வாய் திறக்கவில்லை. கூச்சம். மூடியை வாங்கித் திருப்பிக் காட்டினேன். மு.நாகஜோதி. மாமியாருக்கு எழுத்து தெரியாது, ஆனாலும் வாயை மூடிக்கொண்டார். வெட்டின பேருக்கு அப்படி ஒரு மரியாதை.

இந்தத் தேர்தல் வந்தது பாருங்க, அதில் பிடித்தது எனக்குச் சனி. தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிந்த பிறகு போய் வாங்கிக்கொள்ள வேண்டும். ஐயாவும் என் வீட்டுக்காரரும் ஜீப்பில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். முடிவு எல்லாம் வந்த பிறகு போய் வாங்கிவந்தார்கள். இவர்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தார், குழந்தையைப் போல.

வந்த மறுநாள் ஐயா என்னைக் கூப்பிட்டார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். கோயம்புத்தூரிலிருந்து சபேசன் என்று ஒரு சார் வரப்போகிறாராம். மலைத்தோட்டங்களில் இருக்கிற பழைய துப்பாக்கிகளை எல்லாம் பார்த்து ஒரு புத்தகம் எழுதுகிறாராம். ஐயாவின் துப்பாக்கியும் அதில் வரும். "எல்லாப் பாகமும் அசல்னு அச்சுல வரணும் நாகஜோதி. எங்கப்பா இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரு. நல்லா எண்ணெய் போட்டுத் துடைச்சு வை" என்று மேசையில் வைத்துவிட்டு வெளியே நாற்காலியில் பேப்பர் படிக்கப் போய்விட்டார். அதற்கு முன்னால் அவர் பிடித்துக்கொள்வார், நான் துடைப்பேன். முழுதாக என் கையில் விட்டது அன்றைக்குத்தான்.

துடைத்தேன். மேலே துடைத்தேன், பக்கத்தில் துடைத்தேன், பிறகு குப்புறப் போட்டேன். அடி வயிற்றில் ஒரு இரும்புத் தட்டு இருக்கிறது அக்கா. உள்ளங்கை நீளம். தோட்டா போடுகிற அறைக்கு அதுதான் அடி. அதைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். கிரீடம் இல்லை. எழுத்து இல்லை. நாற்பத்தேழும் இல்லை. மொழுமொழுவென்று, இவளுடைய கன்னம் மாதிரி.

திருகாணிக்குக்கூட நம்பர் வைத்தவன் இவ்வளவு பெரிய தட்டை விட்டிருப்பானா? அப்படியென்றால் தட்டு மாறிவிட்டது. எங்கே மாறியிருக்கும்? ஸ்டேஷனில் எல்லாம் பூட்டித்தான் வைத்திருந்தார்கள், ரசீதோடு. நடுவில் கையில் வைத்திருந்தது யார்? இவர். துடைத்தது யார்? நான். பூஜாடிக்குள் கிடந்த ஸ்பூன் எனக்குக் கண்ணில் தெரிந்தது.

மத்தியானம் சாப்பிட வந்தவரைப் பிடித்துக் கேட்டேன். "ஜீப்புல வரும்போது தூங்குனியா?"

"தூங்கல. கண்ண மூடியிருந்தேன்."

"கீழ ஏதாச்சும் விழுந்துச்சா?"

"என் தலைதான் ரெண்டு தடவ ஜீப் கம்பியில விழுந்துச்சு. ஏன் கேக்குற?"

சொன்னேன். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. "ஐயாகிட்ட கேட்டுரலாம்" என்றார்.

"கேளு."

"நீதான வீட்டுக்குள்ள இருக்க, நீ கேளு."

"நீதான ஜீப்புல வந்த."

இரண்டு பேரும் இவளைப் பார்த்தோம். ஐயாவிடம் நான் எதைச் சொல்வதானாலும் இவளை வைத்துத்தான் சொல்வது. "இனியா, தாத்தாகிட்ட காபி ஆறுதுன்னு சொல்லு." இவள் தத்தித் தத்திப் போய் "தாத்தா, காப்பி" என்பாள், அவரும் வருவார். காலையில் அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்துதான் பாலே குடிப்பாள். ஆனால் இரண்டரை வயதுப் பிள்ளையிடம், இனியா, தாத்தாகிட்ட துப்பாக்கியின் அடித்தட்டு மாறிவிட்டது என்று சொல்லு, என்றால் நடக்குமா?

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அன்றைக்கு ஏதோ கலெக்டர் பரீட்சை பாஸ் செய்த மாதிரி இருந்தது. பேர் இல்லாத மூடிக்குப் பேர் வெட்டினால் போகிறது. அவ்வளவுதானே?

இவர் கேட்டுவிட்டு என்னையே பார்த்தார். "வாயில்லாத பூச்சின்னு கட்டிக்கிட்டேன். நீ பெரிய எம்டனா இருக்கியேடி" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

தட்டைக் கழற்றுவது எப்படி? அதில் ஒரு பொட்டு ஓட்டை இருந்தது. ஆணி முனையை விட்டு அழுத்திப் பின்பக்கம் தள்ளினேன். தட்டு நகர்ந்தது. உள்ளே இருந்த ஸ்பிரிங் மடங்கி மடங்கிக் கிடந்தது போல, படீரென்று என் மூக்கில் வந்து அடித்தது. இவள் கைதட்டிச் சிரித்து, "இன்னொரு தடவ" என்கிறாள். ஸ்பிரிங்கை அரிசி டப்பாவில் ஒளித்தேன். ஓட்டையாகப் போன வயிற்றில் எதையாவது அடைக்க வேண்டுமே, கைக்குக் கிடைத்தது இவளுடைய பழைய ஜட்டி. அடைத்து, உறையில் போட்டுக் கட்டி ஐயாவிடம் கொடுத்தேன். அவர் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். உலக யுத்தம் பார்த்த துப்பாக்கி அக்கா, இரண்டு நாள் வயிற்றில் குழந்தை ஜட்டியோடு இருந்தது. அந்த ஜெர்மன்காரன் பார்த்திருந்தால் யுத்தத்தை அன்றைக்கே நிறுத்தியிருப்பான்.

மறுநாள் இவளுக்குச் சளி மருந்து வாங்க என்று பொய் சொல்லி இதே பஸ்ஸில் இறங்கினேன். தட்டு இடுப்புச் செருகலில். ஐஸ் மாதிரிச் சில்லென்று இருந்தது, புடவையில் விழுந்த எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. பாத்திரக் கடை வாசலில் பேர் வெட்டுகிறவர் உட்கார்ந்திருப்பார், சின்ன உளியும் சுத்தியும் வைத்துக்கொண்டு. மற்ற கடைகளில் எல்லாம் மெஷின் வந்துவிட்டது, கரகரவென்று கிறுக்கித் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அவர்தான் சரி என்று பட்டது, ஜெர்மன்காரனும் அடித்துத்தானே வெட்டினான்.

"என்னம்மா விசேஷம்? காதுகுத்தா?" என்றார்.

"விசேஷம் எல்லாம் இல்லீங்க." என் குரல் எனக்கே கேட்கவில்லை. தட்டை நீட்டினேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன இது, இரும்பு? எதோட மூடி?"

"மிக்ஸியோடது."

"மிக்ஸிக்கு ஏன் இப்பிடி மண்ணெண்ணெய் வாசம்?"

நான் பதில் சொல்லாமல் இவளைக் கிள்ளினேன், இவள் அழுதாள், அவர் கேள்வியை விட்டார். "சரி, பேரச் சொல்லு."

"பேர் வேண்டாங்க. நாப்பத்தேழுன்னு நம்பர் மட்டும்." கூடவே ஒரு சீட்டையும் நீட்டினேன். துப்பாக்கியில் இருந்த கிரீடத்தைப் பார்த்து, கண் மை பென்சிலால் நானே வரைந்த படம். "மேல இது மாதிரி ஒண்ணு."

சீட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "இது என்னம்மா, கட்சிச் சின்னமா?"

"இல்லீங்க, கிரீடம்."

"கிரீடச் சின்னத்துல யாரோ சுயேச்சை நின்னான்ல. நான் வெட்ட மாட்டேன்."

"தேர்தல்தான் முடிஞ்சுபோச்சுங்களே."

"அடுத்து உள்ளாட்சி வருதுல்ல? வேண்டாம்மா. போன வாட்டி ஒருத்தன் சொம்புல சின்னத்த வெட்டிக் குடுத்துட்டு நான் பட்டது எனக்குத்தான் தெரியும். நம்பர் போட்டுத் தரேன், எடுத்துட்டுப் போ."

எனக்கு மேலே வாதாடத் தெரியுமா? டொக் டொக்கென்று புள்ளி புள்ளியாக அடித்தார். இரும்பு, உளி வழுக்குது என்று திட்டிக்கொண்டே அடித்தார். முடித்து ஊதிக் கையில் கொடுத்தார். நாற்பத்தேழு அழகாக வந்திருந்தது, இரண்டு பக்கமும் ஒரு சின்னப் பூ. அதற்கு மேலே, கிரீடம் வரவேண்டிய இடத்தில், ஒரு பிள்ளையார் சுழி.

"ஐயோ, இது எதுக்குங்க?"

"நான் சுழி போடாம எதையும் வெட்டுனதில்ல. கிரீடம் இல்லாம வெறிச்சுன்னு இருக்குதுன்னு பாத்தேன், இப்ப நெறவா இருக்கு. அதுக்குத் தனியா எதுவும் வேண்டாம்."

வெட்டினது வெட்டினதுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். பார்க்கப் பார்க்க எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. ஜெர்மன்காரன் எழுத்தும் சிக்குக் கோலம்தானே, இதுவும் ஒரு சுழிதானே. தூரத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்குத் தெரியும்? துப்பாக்கியைப் பார்க்கிறவர்கள் தூரத்தில் வைத்துப் பார்ப்பதில்லை, லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த லென்ஸைத் தினமும் துடைத்து வைக்கிறவளே நான்தான்.

ஐயா அடுத்த தடவை எண்ணெய் போடக் கொடுத்தபோது ஜட்டியை எடுத்துவிட்டு ஸ்பிரிங்கையும் தட்டையும் மாட்டினேன். டக்கென்று உட்கார்ந்தது. அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சபேசன் சார் சனிக்கிழமை வந்தார். ஒல்லியான மனிதர், கழுத்தில் ஒரு டார்ச்சு, கையில் நோட்டு. ஐயா வெள்ளைச் சட்டை போட்டு, பவுடர்கூடப் போட்டிருந்தார். நான் இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு காபித் தட்டோடு போனேன். எல்லாம் நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது. அவர் ஒவ்வொரு பாகமாகப் பார்த்துப் பார்த்து எழுதினார். கிரீடத்துக்கு ஒரு கோடு, எழுத்துக்கு ஒரு கோடு, நாற்பத்தேழுக்கு ஒரு கோடு. "பிரமாதங்க ஐயா. இப்பிடி ஒண்ண நான் இந்த மலையில பாத்ததில்ல" என்றார். ஐயாவுக்குத் தரையில் கால் நிற்கவில்லை.

பிறகு அவர், "கொஞ்சம் குப்புறத் திருப்புங்க" என்றார்.

"அதுல என்ன இருக்கு, வெறும் தட்டு. காபி ஆறுது பாருங்க" என்றார் ஐயா. சொல்லிக்கொண்டே துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தார். பெருவிரல் சரியாகத் தட்டின் மேலே. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது அக்கா. யார் வந்தாலும் அவர் அப்படித்தான் பிடிப்பார். அந்தப் பெருவிரல் எப்போதும் அங்கேதான் இருக்கும். இத்தனை நாள் காபி கொடுத்த எனக்கு அது கண்ணிலேயே படவில்லை.

சபேசன் சார் மெதுவாக அந்த விரலை நகர்த்தினார். டார்ச்சு அடித்தார். லென்ஸை வைத்தார். எடுத்தார். சட்டையில் துடைத்து மறுபடியும் வைத்தார்.

"ஐயா, இந்த நம்பர் எப்ப வெட்டுனது?"

"நம்பரா? அதுல நம்பரே கிடையாதே" என்றார் ஐயா.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. எல்லாம் பிறந்தபோது இருந்தது என்று ஊரெல்லாம் சொன்ன மனுஷன், தட்டில் நம்பர் இல்லை என்பது அவருக்கு முன்னாலேயே தெரியும்.

சபேசன் சார் சிரிக்கவில்லை. "தட்டே அசல் இல்லைங்க ஐயா. ஓரத்துல அரம் போட்ட தடம் இருக்கு, நம்ம ஊர்க் கொல்லன் வேலை. அதுகூடப் பரவாயில்ல, அப்பிடித்தான் நிறையத் துப்பாக்கி இருக்கு. ஆனா இந்த நம்பர் புதுசு, பளபளன்னு இருக்கு. மேல பிள்ளையார் சுழி வேற. லைசென்ஸ் துப்பாக்கியில புதுசா நம்பர் வெட்டுறது விளையாட்டு இல்ல. யாராவது போலீசுக்கு எழுதிப் போட்டா, வெட்டுனவங்களக் கூட்டிட்டுப் போயி நிக்க வச்சுத்தான் கேப்பாங்க. யாரு பண்ணது?"

எனக்குக் காதில் வண்டு பறக்கிற மாதிரி இருந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். ஐயா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், என் புடவையில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். இவள், "தாத்தா, காப்பி" என்றாள்.

"நான்தான்" என்றார் ஐயா.

"நீங்களா?"

"நானேதான். கீழ போனப்ப வெட்டிட்டு வந்தேன்."

"நீங்க சர்ச் கமிட்டியில இருக்கீங்க. பிள்ளையார் சுழியோடயா?"

"சுழி அழகா இருந்துச்சு, போடச் சொன்னேன். இப்ப என்ன அதுக்கு?"

எனக்கு வந்தது பாருங்க கோபம். பயம்கூடப் போய்விட்டது. யோசனை என்னுடையது. ஸ்பிரிங் அடித்த மூக்கு என்னுடையது. இடுப்பில் அந்தச் சில்லிட்ட இரும்போடு இத்தனை வளைவு இறங்கினவள் நான். நோகாமல் நானேதான் என்கிறார். பெரிய வீட்டுக்காரர்கள் இப்படித்தான் அக்கா, நாம் செய்ததை எல்லாம் தான் செய்ததாகச் சொல்லிக்கொள்வார்கள். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. கூச்சம்.

அதோடு விட்டாரா? உட்கார்ந்து ஒரு பழைய கதையை வேறு எடுத்தார். அவருக்குப் பன்னிரண்டு வயதில், அப்பா இல்லாத நேரம் அசல் தட்டைக் கழற்றி ஓடையில் நண்டு தோண்டப் போனாராம். தண்ணீர் கொண்டுபோய்விட்டதாம். அப்பா வந்து யார் எடுத்தது என்று கேட்டபோது ஐயா பேசாமல் நின்றிருக்கிறார். சமையல்காரர் சவரிமுத்து என்று ஒருத்தர், பழி அவர் பேரில் விழுந்திருக்கிறது. அவரும் அவர் சம்சாரமும் கைக்குழந்தையோடு அன்றைக்கு மழையில் இறங்கிப் போனார்களாம். "அடுப்புக்குப் பின்னாடி ரூமுலதான் இருந்தாங்க" என்றார் ஐயா. சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வயதாகிவிட்டது இல்லையா, கண்ணில் தண்ணீர் வரத்தான் செய்யும். ஆனால் புத்தகம் எழுத வந்த மனிதரிடம் அந்த நேரத்தில் எதற்கு அந்தக் கதை? துப்பாக்கிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

சபேசன் சார் நோட்டில் ஒரு வரியை அடித்தார். பிறகு, "அடித்தட்டு மட்டும் உள்ளூர் வேலைன்னு போட்டுக்கிறேங்க ஐயா. நம்பரப் பத்தி எழுதல" என்றார். ஐயா தலையாட்டினார். எல்லாமே அசல் என்று அச்சில் வர வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டார், அது போச்சு.

அதற்குப் பிறகு மூன்று நாள் ஐயா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. நான் எப்போதும் பேசுவதில்லை, அதனால் அது கோபம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. இவர் மட்டும் ராத்திரி சாப்பாட்டில், "மூட்டையக் கட்டி வைக்கவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கட்டவும் கட்டினார். பாத்திரத்தை எல்லாம் சாக்கில் போட்டார், மு.நாகஜோதி, மு.நாகஜோதி என்று ஒவ்வொன்றாக உள்ளே போயிற்று. நான் அடுப்புச் சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது.

நேற்றுக் காலையில் இவளுக்குப் பால் கொண்டுபோய் வைத்தேன். ஐயா பீரோவிலிருந்து இந்த டம்ளரை எடுத்து வந்தார். அவர் பிள்ளைகள் சின்னதில் பால் குடித்ததாம். மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார். "இது இனியாவுக்கு. நாளைக்குக் கீழ போயி அதே ஆளுகிட்ட பேர் வெட்டிட்டு வா" என்றார். கூடவே ஒரு சீட்டு. "அப்புறம், அந்தச் சாக்க அவுத்துருங்க. எலி வந்து குடித்தனம் பண்ணும்."

அதுவரைக்கும் நல்லவர்தான். சீட்டைப் பிரித்துப் பார்த்தேன் அக்கா. இந்தாங்க, நீங்களே பாருங்க, என்ன எழுதியிருக்கிறது? மேலே இனியா. கீழே நாற்பத்தேழு. "சுழி போட மறந்துறப் போறான், சொல்லி வாங்கு" என்று சிரிப்பு வேறு.

குத்திக் காட்டுவதற்கு ஒரு அளவு வேண்டாமா? நான் செய்தது முட்டாள்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன், ஊரில் எவளும் துப்பாக்கிக்குப் பேர் வெட்டியிருக்க மாட்டாள். அதற்காகப் பிள்ளையின் டம்ளரில், காலம் முழுக்க இருக்கிற மாதிரி, அந்த நம்பரையா வெட்டச் சொல்வது? நாளைக்கு இவள் பெரியவளாகி, அம்மா இது என்ன நாற்பத்தேழு என்று கேட்டால் நான் என்ன சொல்ல? அது துப்பாக்கி நம்பர், அந்த வீட்டுப் பாகத்துக்கு எல்லாம் அதுதான் நம்பர் என்று சொல்லவா?

நீங்க ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீங்க? கண்ணில் தூசி விழுந்துவிட்டதா? நான்தான் ஜன்னலைத் திறக்கச் சொன்னேன்.

வெட்டத்தான் போகிறேன், வேறு என்ன செய்ய? பெரியவர் சொன்னதை மீற முடியுமா? ஆனால் நானும் ஒரு வேலை செய்யப் போகிறேன். பேரை வெளியில் வெட்டச் சொல்லிவிட்டு, நாற்பத்தேழையும் சுழியையும் அடியில், கீழ்ப்பக்கம் வெட்டச் சொல்லிவிடுவேன். மேசையில் வைத்திருக்கும்போது யார் கண்ணிலும் படாது. இவள் அண்ணாந்து பால் குடிக்கும்போது எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு மட்டும்தான் தெரியும். காலையில் எதிரே உட்கார்ந்திருப்பது அவர்தானே. தினமும் பார்த்துக்கொள்ளட்டும்.